பூங்காச் சிலைக்கு வெள்ளிப் பூச்சு

நகராட்சிப் பூங்காவில் இருப்பவர்கள் மூவர்: மயில்வாகன முதலியார், பெயிண்டர் தர்மன், பூக்காரி அங்கம்மாள். நெசவுக்காரியின் கருங்கல் சிலை முன்னால் நிற்கிறார்கள். முதலியாரின் அப்பா, தம் மனைவியைப் பார்த்துச் செதுக்கச் சொல்லி ஊருக்குக் கொடுத்த சிலை. தர்மன் டப்பாவில் வெள்ளிப் பெயிண்டைக் கலக்குகிறான். முதலியாரின் கைத்தடி ஓயாமல் தரையைத் தட்டுகிறது.

"கல்லுக்கு எண்ணெய் போதும்பா. பெயிண்ட் அடிச்சா மூஞ்சியே மூடிப்பூடும்."

"நீங்க எண்ணெய் தேச்சதுதான் வம்பு, ஐயா. பளபளன்னு இருக்கவே ஜனம் குங்குமம் வச்சிக் கும்பிட்டுக்கினு இருக்குது. பூங்கா கோயிலாயிடும்னு ஆபீஸ்ல பயப்படறாங்க."

"நேத்து ஒருத்தி தொட்டில் கட்டிட்டுப் போனா," என்று சிரிக்கிறாள் அங்கம்மாள்.

"பொட்டை நீங்களே அழிச்சிடுங்க ஐயா, டப்பாவை மூடிடறேன்."

வெயில் சிலையின் கன்னத்து அம்மைத் தழும்பில் விழுகிறது. சிற்பி அதைக்கூட விட்டுவைக்கவில்லை. முதலியார் தோள் துண்டை நனைக்கிறார், பிழிகிறார், மறுபடியும் நனைக்கிறார்.

"பெத்தவ நெத்தியாச்சே ஐயா!" என்கிறாள் அங்கம்மாள்.

முதுகு வளையாமல் கையை மட்டும் உயர்த்துகிறார். துண்டு சிவக்கிறது.

பிள்ளை வரம் தரும் அம்மன் என்று ஊரில் சொல்கிறார்கள். அம்மன் அல்ல. மயில்வாகனத்தின் தாய் செல்லியம்மாள், சுமங்கலியாகப் போனவள்.