எழுந்திருக்காத டாக்டர்

அந்த ஆஸ்பத்திரி டாக்டருக்கு நாற்காலியை விட்டு எழுவதென்றால் வேப்பங்காய். உடலைப் பார்க்காமலேயே இறப்புச் சான்றிதழில் 'மாரடைப்பு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடுவார். பதினோரு வருடமாக யாரும் வாய் திறக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை ஒருவர் சான்றிதழும் கையுமாக வந்தார். சலவைச் சட்டை, நகக்கண்ணெல்லாம் ஈரமண்.

"காரணம் தப்பா இருக்குங்க டாக்டர். திருத்தித் தரணும்."

"இறந்தவர் உங்களுக்கு என்ன வேணும்?"

"நான்தாங்க அது."

டாக்டர் சிரித்துப் பார்த்தார். வந்தவர் சிரிக்கவில்லை.

"வெள்ளிக்கிழமை புதைச்சாங்க. அப்ப நெஞ்சு நல்லாத்தான் அடிச்சுது. சனிக்கிழமை சாயங்காலம்தான் மூச்சு நின்னுது. மச்சான் பாவம், கதறிக்கிட்டே மண்ணு போட்டாரு. நீங்க ஒரு தடவை கையைப் புடிச்சுப் பார்த்திருக்கலாம்."

வெளியே தெரிந்தால் வேலை போகும், விலங்கும் விழும். டாக்டர் அவர் மணிக்கட்டைத் தொட்டார். சில்லென்றிருந்தது; துடிப்பு இல்லை. 'மாரடைப்பு' என்பதை அடித்துவிட்டு, 'மூச்சுத்திணறல், குழிக்குள்' என்று எழுதினார்.

வந்தவர் நிதானமாகப் படித்து, மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

"அவ்வளவுதானே?" என்றார் டாக்டர்.

"எனக்கு அவ்வளவுதாங்க" என்று கதவை அகலத் திறந்துவிட்டுப் போனார்.

வெளியே வாசல்வரை வரிசை நின்றது. எல்லோர் கையிலும் சான்றிதழ். எல்லோர் நகத்திலும் மண். டாக்டர் ஓடுவதற்காக எழுந்தார்.

"நீங்க உக்காருங்க டாக்டர்" என்றார் முதலில் நின்ற அம்மாள். "நாங்களே வந்துட்டோம்ல."