அலமாரிக்குள் ஓர் அழகி

இரண்டு கைகளிலும் இரண்டு புத்தகங்களுடன் அவள் படுக்கையறைக் கதவைத் தட்டப் போனாள். உள்ளேயிருந்து கணவனின் குரல் வந்தது. "அழகி..."

அவள் கை அந்தரத்திலேயே நின்றது. மறுபடியும், கொஞ்சம் குழைந்து, "என் அழகி..." அவன் குரல்தான். ஆனால் அடித்தொண்டையிலிருந்து, கனமாக. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவளிடம் ஒருநாளும் அந்தத் தொண்டையில் அவன் பேசியதில்லை.

போனில் யாரையோ கொஞ்சுகிறான் என்று நினைத்துத் திரும்பினாள். அவன் போன் ஹாலில் சார்ஜில் கிடந்தது. அப்படியென்றால், நேரில் சொல்வதற்கு ஒத்திகை பார்க்கிறான்!

நினைத்துப் பார்த்தால் கொஞ்ச நாளாகவே அவன் போக்கு சரியில்லை. குளிக்கும்போது "விழி, விழி" என்கிறான். பல் தேய்க்கும்போது கண்ணாடியைப் பார்த்து "பழகு" என்கிறான். யாரைப் பழகச் சொல்கிறான்?

அவனுக்கு ஒலிப்பதிவுக் கூடத்தில் வேலை. புத்தகங்களை வாசிக்கவைத்துப் பதிவு செய்யும் இடம். 'ப' வந்தால் வாய்க்காற்று மைக்கில் மோதி 'டப்' என்னும். 'ச' வந்தால் சீறும். நாக்கு அண்ணத்தை விட்டுப் பிரிகிற சத்தம்கூடக் கேட்கும். அத்தனையையும் தேடிப்பிடித்து வெட்டியெறிவதுதான் அவன் பிழைப்பு.

அதனால் லீவுக்குக் கிளம்பும்போதெல்லாம் அவளுக்கு இதே தலைவலி. வருஷம் முழுக்கப் புத்தகத்தைக் காதால் தின்கிறவனுக்கு எந்தப் புத்தகத்தை எடுத்துவைப்பது? கதை கொடுத்தால், "இந்த வரிய வாசிக்கிறவன் மூச்சு முட்டிச் செத்துடுவான்" என்று முதல் பக்கத்திலேயே மூடிவிடுவான். போன முறை பறவைப் படப் புத்தகம் கொடுத்ததற்கு, "ஒண்ணுகூடக் கத்த மாட்டேங்குதே" என்றான்.

அவளுக்கு அந்தக் கவலையே இல்லை. வெண்கலம் வாசித்த கதைகள் அவள் போன் நிறைய இருந்தன. வெண்கலம் என்பது அவன் வேலை பார்க்கும் கூடத்தில் வாசிக்கும் ஒருவருக்கு அங்கிருப்பவர்கள் வைத்த பட்டப்பெயர். அப்படியொரு கணீர்க் குரல்.

கதவை ஒரே தள்ளாகத் தள்ளினாள். கணவன் துணி அலமாரியை அவசரமாகச் சாத்திவிட்டு, வியர்த்து வழிய நின்றான். அலமாரிக் கதவிடுக்கில் ஒரு முந்தானை மாட்டிக்கொண்டு தொங்கியது.

"என்ன, புஸ்தகமா? எனக்கு எது வேணா வை. உனக்கும் ஒண்ணு எடுத்துக்க. அந்தக் காதுல மாட்டுற சமாச்சாரம் மட்டும் வேணாம்."

"ஏன் வேணாம்?"

"அங்க வந்துமா அவன் குரலு? சமைச்சா அவன், துணி மடிச்சா அவன்..."

"கேப்பேன். அவரு 'மழை'ன்னு சொன்னா எனக்கு முதுகு நனையும். 'விழி'ன்னு சொன்னா, அடடா, நாக்க என்னமா மடிக்கிறாரு! நீங்களும்தான் இருக்கீங்களே." குத்த வேண்டுமென்றே சொன்னாள்.

அவன் முகம் ஒரு மாதிரி சிவந்தது. கோபமா, வெட்கமா என்று பிடிபடவில்லை.

"அது கெடக்கட்டும். யாருங்க அந்த அழகி?"

அவன் திருதிருவென்று விழித்தான்.

"எல்லாம் கேட்டுச்சு. புதுசா வாசிக்க ஒரு பொண்ணு வர்றாளே, குயிலுன்னு கூப்பிடுவீங்களே, அவதானே? நான் லீவுக்கு வரல. அவளையே கூட்டிட்டுப் போங்க. அந்தத் தொண்டைய அவகிட்டயே காட்டுங்க." சொல்லும்போதே குரல் உடைந்தது. புத்தகங்கள் இரண்டும் கட்டிலில் விழுந்தன.

"அய்யய்யோ, அழாதம்மா. வெளிய தெரிஞ்சா வேலை போயிடும். அதான் உன்கிட்டகூட மூச்சு விடல." அவன் அலமாரியைத் திறந்தான்.

உள்ளே அவளுடைய சேலைகளுக்கு நடுவே ஒரு மைக் தொங்கிக்கொண்டிருந்தது.

"துணி எதிரொலிய முழுங்கிடும். வீட்ல பதிவு பண்ண இத விட்டா வேற எடமில்ல. நாம கெளம்புறதுக்குள்ள ஒரு நாவல முடிச்சுக் குடுத்தாகணும். கதாநாயகி பேரே அழகி. பக்கத்துக்குப் பக்கம் வந்து உசுர வாங்குறா."

"நாவல வாசிக்கிறது வெண்கலம்தானே? நீங்க எதுக்கு அலமாரிக்குள்ள தலைய விட்டுக் கொஞ்சுறீங்க?"

அவன் மடிக்கணினியில் ஒரு பொத்தானைத் தட்டினான். ஒலிப்பதிவுக் கூடத்தில் பதிவானது பதிவானபடியே, கைவைக்காத வெண்கலத்தின் குரல் அறையை நிறைத்தது.

"மளை பெய்தது. என் அளகி விளி மூடி நின்றாள்."

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். அவன் அடுத்த பொத்தானைத் தட்டினான். அதே குரல், அதே வரி.

"மழை பெய்தது. என் அழகி விழி மூடி நின்றாள்."

அவளுக்கு முதுகு நனைந்தது.

"அப்ப... நான் இத்தன நாளா கேட்டு உருகினது?"

அவன் கட்டிலில் கிடந்த புத்தகங்களை ஓரமாகத் தள்ளிவிட்டு உட்கார்ந்தான்.

"ஊருக்கே பிடிச்ச குரலு. ஒரு எழுத்துக்காக அனுப்ப முடியுமா? வராதத வெட்டிட்டு, தொண்டைய அவன் சுதிக்கு எறக்கிச் சொல்லி ஒட்டிடுவேன். மத்ததெல்லாம் அவன்தாம்மா. ழ மட்டும் நான்."