தம்பி சொன்ன அர்த்தம்

அப்பாவுக்குப் பேச்சு போய் இன்றோடு நாற்பது நாள். வந்த வாதம் கை காலை விட்டுவிட்டு வாயை மட்டும் பிடித்துக்கொண்டது. "அஃபேஸியா" என்றார் டாக்டர். காது கேட்கும், புத்தி தெளிவாக இருக்கும், வார்த்தைதான் வெளியே வராது. எப்படியாவது ஒரு வார்த்தை பேச வையுங்கள், மற்றதைப் பிறகு பார்க்கலாம் என்றார்.

அந்த ஒரு வார்த்தைக்காக நான் படாத பாடு படுகிறேன். என் தம்பி என்ன செய்கிறான் தெரியுமா?

பன்னிரண்டு வருஷமாக வீட்டுப் படி ஏறாதவன் சேதி கேட்டு ஓடி வந்தான். வந்தவன் அப்பா கையைப் பிடித்து ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டானா? மறுநாளே கட்டில் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுப் பிரசங்கம் ஆரம்பித்துவிட்டான்.

"அஃபேஸியாவுல 'ஃபேஸ்' இருக்கு பாருங்கப்பா. ஃபேஸ்னா முகம். முகம் இல்லாதவன்னு அர்த்தம்."

பார்க்க வந்த சித்தப்பாவிடம், அது ஒரு ரோமாபுரித் தளபதியின் பெயர், சண்டையில் நாக்கு அறுபட்டவன் என்றான். சித்தப்பா வெளியே வந்து, முதலில் இவனை டாக்டரிடம் காட்டு என்று என்னிடம் முணுமுணுத்துவிட்டுப் போனார்.

அதுவும் யாரிடம் அளக்கிறான்? நாற்பது வருஷம் ஆங்கில அகராதிக்குப் பிழை திருத்தியவர் அப்பா. வீட்டுக்கு வரும் கடிதத்தைக்கூடச் சிவப்புப் பென்சிலோடுதான் படிப்பார். இவன் உளற உளற அவர் முகம் சிவக்கும், நெற்றி நரம்பு புடைக்கும், உதடு துடிக்கும். பேச முடியாத மனுஷனை இப்படியா வதைப்பது?

இன்று பொறுக்கவில்லை. அப்பா திருத்திய அகராதியையே எடுத்துப் பார்த்தேன். கிரேக்கத்திலிருந்து வந்த சொல். 'அ' என்றால் இல்லை, 'ஃபாஸிஸ்' என்றால் பேச்சு. அவ்வளவுதான் விஷயம்.

அகராதியோடு உள்ளே போனேன். அவன் அது ஏதோ பூவின் பெயர் என்று விளக்கிக்கொண்டிருந்தான். அப்பா கண்ணில் தண்ணீர்.

"போதும்டா. அது கிரேக்க..."

பாய்ந்து வந்து என் வாயைப் பொத்தி, வெளியே இழுத்து வந்தான்.

"தெரியும்க்கா. வர்ற வழியிலேயே பார்த்துட்டேன். நீ திருத்திடாதே. அவர் திருத்தணும்."

"அவர் எப்படிடா திருத்துவார்?" என்றேன்.

"சின்ன வயசுல நான் எதைப் படிச்சாலும், எதை எழுதினாலும் 'தப்பு'ம்பாரே. யோசிக்காமலே அவர் வாயில வர்ற வார்த்தை அது ஒண்ணுதான்க்கா."

"அதுக்குப் பயந்துதானேடா நீ வீட்டை விட்டே போனே?"

"ஆமா. இப்ப அதை ஒரே ஒரு தடவை கேட்டுட்டாப் போதும்" என்றவன், கண்ணைத் துடைத்துக்கொண்டு, மறுபடியும் தப்பாகச் சொல்ல உள்ளே போனான்.