நிற்காமல் போன மாப்பிள்ளை

ஜிம்மில் அந்த சைக்கிளைத் தரையோடு சேர்த்து முடுக்கியிருந்தார்கள். பின்சீட் கூடக் கிடையாது. முதல் வகுப்பிலேயே எனக்கு நாக்குத் தள்ளிவிட்டது.

"ரொம்ப பாரமா இருக்கே தம்பி," என்றேன் பயிற்சியாளரிடம்.

"இதுக்கு மேல குறைக்க முடியாது சார். மிதிங்க!"

வீட்டுக்கு வந்தால், மனைவி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள்.

"சைக்கிள்ல எங்கம்மா வீட்டு வாசலைத் தாண்டிப் போனீங்களாம். அவங்க கூப்பிடக் கூப்பிடத் திரும்பிக்கூடப் பார்க்கலையாம்."

மாமியார் வீடு ஊரின் மறுகோடியில் இருக்கிறது. நான் தலையில் அடித்துச் சத்தியம் செய்தும் அவள் நம்பவில்லை. வீட்டில் பேச்சுவார்த்தை நின்றுபோனது.

அடுத்த வகுப்பில், எதற்கும் இருக்கட்டும் என்று பாதியில் மிதிப்பதை நிறுத்தி, எதிரே இருந்த கண்ணாடியைப் பார்த்து, "நல்லா இருக்கீங்களா அத்தை?" என்றேன். வகுப்பே என்னைத் திரும்பிப் பார்த்தது.

முடிந்து இறங்கும்போது ஹேண்டில்பாரில் மாமியார் வீட்டு டிபன் கேரியர் தொங்கியது. சூடு ஆறவில்லை. உடனே அவருக்கு போன் போட்டேன்.

"இப்பதான் மனசு குளுந்துச்சு மாப்பிள்ளை. ரெண்டு பேருக்கும் சேர்த்துத்தான் வச்சிருக்கேன்."

"சரிங்க அத்தை, அவகிட்ட குடுத்துடறேன்."

"அவளுக்கு இல்ல. உங்க பின்னாடி உட்கார்ந்திருந்தாரே, அவருக்கு. அன்னிக்கு அவராவது என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரிச்சாரு."