உயரம் காட்ட ஒரு ஆள்

"லா சப்பல் பக்கம் போகேல்லைத்தானே?"

பாரிஸிலிருந்து கனடா வீட்டுக்கு வந்திறங்கிய செரீனா இன்னும் சப்பாத்தைக்கூடக் கழற்றவில்லை. தாய் றோஸ்மேரி கேட்ட முதல் கேள்வி இதுதான்.

"ஐயோ அம்மா, போகேல்லை. எங்கட ஆக்களின்ர கடையள் இருக்கிற பக்கமே தலை வைக்காதை எண்டு ஆயிரம் தரம் சொன்னனீங்கள்."

"ஒரு தமிழரோடையும் கதைக்கேல்லையே?"

"இல்லை."

அப்பாடா என்றிருந்தது றோஸ்மேரிக்கு. கட்டடக்கலை வகுப்போடு பாரிஸ் போகப்போகிறேன் என்று மகள் சொன்ன நாளிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. பெடியளோடு அனுப்பினால் சனம் கதை கட்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள். கணவன் பேனாட்தான் கேட்கவில்லை. "எத்தினை வருசத்துக்கு உப்பிடி மறிச்சு வைக்கப்போறீர்? போகட்டும் விடும்" என்றுவிட்டார். பிள்ளை கைவிட்டுப் போய்விடும் என்ற பயம் அந்த மனிசனுக்கு எங்கே விளங்குகிறது!

செரீனா உருட்டி வைத்திருந்த ஓவியத் தாளை மேசையில் விரித்தாள்.

"நோத்ர டாம் கோயில். நானே கீறினது. எப்பிடி?"

"வடிவாயிருக்கு. உதென்ன, வாசலிலை ஒரு மனுசி?"

"கட்டடம் கீறினால் பக்கத்திலை ஒரு ஆளையும் கீறவேணும் அம்மா. அப்பத்தான் அதின்ர உயரம் விளங்கும். அவ ஒரு தமிழ் அன்ரி."

றோஸ்மேரி குனிந்து பார்த்தாள். பிறகு நிமிரவில்லை.

"என்னட்டை வந்து 'பிள்ளை தமிழோ? கனடாவோ?' எண்டு கேட்டா. என்ர முகத்தையே பாத்துக்கொண்டு நிண்டா. நீங்கள் சொன்ன மாதிரி, தமிழ் விளங்காத ஆள் போலை 'சொறி' எண்டு இங்கிலீசிலை சொல்லிட்டன். பிறகு பக்கத்திலை நிண்ட தமிழ்க் குடும்பத்திட்டைக் கேட்டா. ஒவ்வொரு ஞாயிறும் வந்து, கனடாவிலை இருக்கிற தன்ர அக்காவைத் தேடுறாவாம். அக்கா வீடும் மாறி, ஃபோன் நம்பரையும் மாத்திப்போட்டாவாம்."

"அக்கான்ர பேர்... சொன்னவவோ?"

"சொல்லேக்கை கோயில் மணி அடிச்சுப்போட்டுது. பாவம் அம்மா. விளங்காத மாதிரி நடிச்சுப்போட்டு, பிறகு எந்த முகத்தோடை போய்க் கதைக்கிறது? பேசாமல் அவவைக் கீறினன்." செரீனா தாளின் சுருண்ட ஓரத்தை நீவிவிட்டாள். "அக்காவிலை சரியான பாசம் போலை, என்ன?"

இப்போதாவது சொல்லிவிடலாம் என்று றோஸ்மேரிக்கு வாய்வரை வந்தது. வந்தது வாயோடு நின்றுவிட்டது.

"ஓம் பிள்ளை," என்றாள் அந்தப் பாவி மனுசி. "பாசமாத்தான் இருக்கும். முகத்தைக் கழுவிப்போட்டுச் சாப்பிட வா."

செரீனா உள்ளே போனதும் றோஸ்மேரி, தாளில் இருந்த தங்கை மக்டலீனின் முகத்தைத் தடவித் தடவி அழுதாள். மக்டலீன் தேடுவது அக்காவையா? 'உன்ர பிள்ளை எண்டு சொல்லிக் கொண்டுபோ அக்கா, நான் பின்னாலை வாறன்' என்று பாரிஸ் விமான நிலையத்தில் றோஸ்மேரியின் கையில் தூக்கிக் கொடுத்தாளே, அந்த இரண்டு வயதுச் செரீனாவையல்லவா!