கரகரத்த மணி

திரைக்கு வெளியே எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டு மணிச் சத்தத்துக்காகக் காத்திருந்தார்கள்.

உள்ளே நான் கோலிக்குண்டும் கையுமாக இரண்டு பீப்பாய்களையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

சிவப்புப் பீப்பாயில் லாரி முதலாளி மாலாங்கின் படம். நீலத்தில் என் சக்களத்தி சிரே. பிரச்சாரம் தொடங்கிய நாளிலிருந்து முகத்தைவிட்டு இறக்கி வைக்காத அதே சிரிப்பு.

அவளை நிறுத்தியது எங்கள் கணவர். மூன்று பொதுத் தேர்தலில் அவரே நின்று பார்த்துவிட்டார். முதலில் சுயேச்சை. அடுத்து ஆளுங்கட்சி. அதற்கடுத்து ஆளுங்கட்சியை எதிர்த்து. எப்படி நின்றாலும் ஊர் அவரைத் தோற்கடித்தது. தன் முகத்துக்கு விழாத குண்டு டீச்சர் முகத்துக்கு விழும் என்று சொல்லி, கரும்பலகை முன்னால் நின்றுகொண்டிருந்தவளை மேடையில் கொண்டுவந்து நிறுத்தினார்.

குண்டு குழாய்க்குள் உருண்டு விழுந்தால் பீப்பாய்க்குள் மணி அடிக்கும். ஒரு தடவை அடித்தால் ஓட்டு. இரண்டு தடவை அடித்தால் போலீஸ். இன்றைக்கு ஓட்டு நடக்கும் இந்தப் பள்ளிக்கூடத்துப் பக்கம் யாரும் மணி வைத்த சைக்கிளில் வரக்கூடாது என்று சொல்லியிருப்பதும் இதனால்தான்.

காலையிலிருந்து ஒரு மணி கணீரென்று அடித்தது. இன்னொன்று சளி பிடித்த ஆடு மாதிரி கரகரத்தது. கரகரப்புதான் அதிகமாகக் கேட்டது. எது யாருடையது என்று உள்ளே போய் வந்தவர்களுக்கு மட்டும் தெரியும். அவர்கள் சொல்லக்கூடாது. ஏஜென்டாக உட்கார்ந்திருந்த என் கணவருக்கோ ஓட்டு ஆற்றுக்கு அக்கரையில், பிறந்த ஊரில். ஆகவே அவர் ஒன்றும் தெரியாமல் நாற்காலியில் வெந்துகொண்டிருந்தார்.

"அம்மா, மணி அடிக்கலையே! குண்டைப் போட்டீங்களா, முழுங்கிட்டீங்களா?" என்றார் அதிகாரி.

"புருஷனைக் கட்டிக்கக்கூட தீடா இவ்வளவு யோசிக்கலையே!" என்றாள் வரிசையில் ஒருத்தி. எல்லோரும் சிரித்தார்கள்.

அப்போது யோசித்திருக்க வேண்டும்தான்.

சிரே ஜெயித்தால் பஞ்சுலுக்குப் போய்விடுவாள். சபை, கார், தலைநகரத்து வீடு. இங்கே வீடு முழுக்க எனக்கு. கணவரும் முழுக்க எனக்கு.

கை நீலப் பீப்பாயை நோக்கி நீண்டது. அங்கேயே நின்றுவிட்டது.

கணவர் முழுக்க எனக்கா?

இப்போது இரண்டு நாள் என் சமையல், இரண்டு நாள் அவளுடையது. யார் சமையலோ அவர் அன்றிரவு அவள் அறையில். மூன்று தேர்தலிலும் தான் எப்படி மயிரிழையில் தோற்றார் என்பதைப் படுத்த பிறகுதான் ஆரம்பிப்பார். முதல் தேர்தல் முடிவதற்குள் சேவல் கூவிவிடும். என் முறை இல்லாத நாளில் நான் தோட்டத்தில் கத்தரிக்காய் பறித்துவிட்டு, நேரத்தோடு படுத்து, கால் நீட்டித் தூங்குகிறேன். பக்கத்து அறையில் சிரே 'ம், ம்' என்று சொல்லிக்கொண்டிருப்பது கேட்கும். அந்தச் சத்தத்தில் எனக்கு நல்ல தூக்கம் வரும்.

அது மட்டுமா? உப்பு கூடிவிட்டது என்று யாரிடம் போய்ச் சண்டை போடுவேன்? சண்டை போட்டு முடித்த பிறகு யாரோடு உட்கார்ந்து கடலை உரிப்பேன்?

சிவப்புக் குழாயில் குண்டை விட்டேன்.

கரகர.

அப்படியானால் மாலாங்தான் முந்திக்கொண்டிருக்கிறார்.

வெளியே வந்தபோது கணவரின் கண்கள் என்னைத் துளைத்தன. நான் கூரையைப் பார்த்துக்கொண்டு நடந்தேன். எனக்கு அடுத்து நின்ற சிரே, என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு உள்ளே போனாள்.

அந்தச் சிரிப்பைத் தாங்க முடியவில்லை. பாவி, எவ்வளவு ஆசையோடு ஊர் ஊராக அலைந்தாள்! மேடையில் பேசிப் பேசித் தொண்டை கட்டியபோது நான்தானே இஞ்சித் தண்ணீர் வைத்துக் கொடுத்தேன்? என் தூக்கத்துக்காக அவள் பஞ்சுலைப் பறித்துவிட்டேன். ஒரே ஒரு தடவை அந்தக் கணீர் சத்தம் கேட்டால் போதும், கொஞ்சமாவது ஆறும் என்று வாசற்படியிலேயே நின்றேன்.

உள்ளே சத்தமே இல்லை.

கணவர் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். வேட்பாளர் தன் பீப்பாயில்தானே போடுவாள்? இந்த ஒரு மணி எல்லாவற்றையும் சொல்லிவிடும்.

"இவளுமா முழுங்கிட்டா?" என்றார் அதிகாரி.

கரகர.

என் கணவர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். "கரகரதான் நம்மளுது! கேட்டியா தீடா? காலையில இருந்து அடிச்சதெல்லாம் நம்மளுது!"

"ஐயா, உக்காருங்க. இல்லேன்னா வெளியே போங்க."

அவரால் உட்கார முடியவில்லை. ஜன்னல் வழியே தலையை நீட்டி, வெளியே நின்றுகொண்டிருந்த தன் தம்பியிடம் கத்தினார். "அந்தப் பெரிய கிடாவை அவுத்துட்டு வாடா! இன்னைக்கு ஊருக்கே நம்ம வீட்டுல சோறு!"

சிரே வெளியே வந்தாள். முகத்தில் சிரிப்பு இல்லை. பல மாதங்களுக்குப் பிறகு அவள் முகத்தை அப்போதுதான் பார்க்கிற மாதிரி இருந்தது. களைத்துப் போயிருந்தாள்.

என் குண்டு விழுந்த சத்தத்தை அவளும் வரிசையில் நின்று கேட்டிருப்பாள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

இருவரும் பள்ளிக்கூட வாசலைத் தாண்டினோம். பின்னால் மணி இன்னொரு தடவை கரகரத்தது. கணவர் "அல்ஹம்துலில்லா!" என்றார்.

"அக்கா, கிடாக்கறியில யாசாவே பண்ணிடலாம்" என்றாள் சிரே.

"ஏன்டி?"

"அதுக்குத்தான் மூட்டை மூட்டையா வெங்காயம் அரியணும். குண்டை எண்ணி முடிச்சுட்டு அவர் வீட்டுக்கு வர்றப்போ, நம்ம ரெண்டு பேர் கண்ணுலயும் தண்ணி இருக்கணும்ல?"