உதவாக்கரை

"இந்த வீட்டுல இனிமே உங்களுக்கு ஒரு வாய்ச் சோறு கிடையாது. எங்கேயாவது போய்த் தொலைங்கப்பா!"

இளைய மகன் கத்தினான். கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்த அப்பா கண்ணை மூடிக்கொண்டார். ஜன்னலோரம் நின்றிருந்தவர் தலையில் அடித்துக்கொண்டார்.

"தம்பி, வீட்டை விட்டுத் துரத்தறவன் எவனாவது 'ப்பா'ன்னு இழுப்பானா? அதுவும் முட்டிக்கு எண்ணெய் தேய்ச்சுக்கிட்டே!"

இளையவன் அப்பாவின் முழங்காலிலிருந்து கையை எடுத்துத் துண்டில் துடைத்துக்கொண்டான்.

ஜன்னலோரம் நின்றவர் விசா நேர்காணலுக்கு ஆட்களைப் பழக்குபவர்; தெருவில் அவருக்கு விசா வாத்தியார் என்று பெயர். அவரை அமர்த்தியது வெளிநாட்டில் இருக்கும் மூத்த மகன். அப்பாவைத் தன்னோடு வைத்துக்கொள்ள அவன் குடும்ப விசா கேட்டிருந்தான். பெரியவரைக் கவனிக்க இங்கே நாதியில்லை என்று தெரிந்தால்தான் அந்த நாடு மனம் இரங்கும். ஆகவே, கூடவே இருக்கும் மகன் ஓர் உதவாக்கரை என்று அதிகாரி நம்பியாக வேண்டும்.

"இந்த வகை விசா பத்துல ஒண்ணு தேறினா பெரிசு" என்று வாத்தியார் முதல் நாளே போனில் எச்சரித்திருந்தார். "அப்படியா? அப்ப உடனே போட்டுடுங்க சார்" என்று மூத்தவன் பறந்தான். அந்த அவசரத்தைத் தன்னோடு நடக்க வருகிறவர்களிடம் சொல்லிச் சொல்லி அப்பாவுக்கு இன்னும் அலுக்கவில்லை.

"அவன் பாசக்காரன் வாத்தியாரே. போன்ல என் மூஞ்சியப் பாத்தாலே கண்ணு கலங்கிடுவான். 'நீங்க இல்லாத வீடு ஒரு வீடாப்பா'ம்பான். இவன் ஒரு நாளாவது அப்படிச் சொல்லியிருப்பானா, கேளுங்க."

இளையவன் சொன்னதில்லை. குளிக்க வெந்நீர் விளாவி, நகம் வெட்டி, மாத்திரையை உடைத்துக் கையில் வைப்பவனுக்கு வசனம் பேசத் தோன்றவில்லை. அவன் எண்ணெய்க் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நிஜமாவே போகணுமாப்பா?"

"பின்னே? உசிரா கூப்பிடற பிள்ளைகிட்ட போகாம, உங்கிட்ட எண்ணெய் தேய்ச்சுக்கிட்டுக் கிடக்கவா?"

இளையவன் கிண்ணத்தை ஓரமாக நகர்த்திவிட்டு எழுந்து நின்றான். "சரி வாத்தியாரே. இன்னொரு தடவை திட்டிப் பாக்கறேன்" என்றான்.

விசா அலுவலகத்தில் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் அதிகாரி. அவர் கேட்டதைப் பக்கத்தில் இருந்த மொழிபெயர்ப்பாளர் தமிழில் சொன்னார்.

"உங்க அப்பாவை நீங்க ஏன் வச்சுப் பாத்துக்கக் கூடாது?"

"எனக்கு என் பொழப்பே பெரிசா இருக்கு. இவரை யாரு கட்டிக்கிட்டு அழறது?"

அந்த நேரம் பார்த்து அப்பாவுக்கு இருமல் வந்தது. குத்திக் குத்தி, கண்ணில் நீர் வரும் இருமல். இளையவனின் கை பைக்குள் இருந்த வெந்நீர்க் குப்பியைத் தேடிப் பாதி தூரம் போனது. பின்வரிசையில் வாத்தியார் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார்.

இளையவன் அந்தக் கையை இழுத்துத் தன் தொடைக்கு அடியில் போட்டு உட்கார்ந்துகொண்டான்.

"இருமறாரே, தண்ணி குடுக்க மாட்டீங்களா?" மொழிபெயர்ப்பாளர் இதைக் கேட்டது அதிகாரி சொல்லியா, தானாகவா என்று தெரியவில்லை.

"இது தினம் நடக்கற கூத்துதான். வேணும்னா அவரே எழுந்து போய்க் குடிக்கட்டும்."

சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்தான். அதிகாரி அவனைச் செருப்பில் ஒட்டியதைப் பார்ப்பது போலப் பார்த்தார். தானே ஒரு கோப்பையில் தண்ணீர் பிடித்து, தடுப்பின் கீழ் இடுக்கு வழியாக அப்பாவிடம் நீட்டினார். மற்ற கேள்விகளை அவர் கேட்கவே இல்லை. இப்படிப்பட்ட வீட்டில் பெரியவர் ஒரு நாள்கூட அதிகம் இருக்க வேண்டாம், விசா கொடுத்தாகிவிட்டது என்று சொல்லி அனுப்பினார்.

தாழ்வாரத்துக்கு வந்ததும் வாத்தியார் இளையவனின் முதுகில் ஓங்கித் தட்டினார். "தம்பி, என் தொழில்ல இப்படி ஒரு சண்டாளனை நான் தயார் பண்ணினதே இல்லை!"

"ஆமாமா, என்னமா நடிச்சான்!" என்று அப்பாவும் சிரித்தார். இளையவன் குப்பியைத் திறந்து வெந்நீர் ஊற்றி அவர் கையில் கொடுத்தான். அவசரமாக ஊற்றியதில் பாதி தரையில் சிந்தியது.

"பாத்து ஊத்துடா. முதல்ல அண்ணனுக்குப் போனைப் போடு. ஸ்பீக்கர்ல போடு. சந்தோஷத்துல அவன் அழறதை நான் என் காதால கேக்கணும்."

மணி அடித்தது. மூத்தவன் எடுத்தான்.

"அண்ணா, அப்பாவுக்கு விசா கிடைச்சிடுச்சு."

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. தாழ்வாரத்தில் போகிறவர்களின் செருப்புச் சத்தம் மட்டும் கேட்டது. அப்பா போனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு வாத்தியாரைப் பெருமையாகப் பார்த்தார்.

"பாருங்க, பிள்ளைக்குப் பேச்சே வரலை. நெஞ்சு அடைச்சுப்போச்சு."

போன் பேசியது.

"அடப்பாவி, கிடைக்காதுன்னு நம்பித்தானடா நான் அப்ளையே பண்ணேன்!"